ஆறாம் நம்பர் மலையில் எடுத்த மூச்சு

கொழும்பில் ஒரு சிறிய அனிமேஷன் ஸ்டூடியோவில் படங்களுக்கு ஒலி சேர்ப்பது சுகந்தினியின் வேலை. அப்போது செய்துகொண்டிருந்த படத்தின் நாயகி கொழுந்து பறிக்கும் பெண். மண் சரியப் போகிறதென்று மேல் லயத்து வீடுகளில் இருக்கும் சனங்களை எச்சரிக்க, கொட்டும் மழையில் தனியாக மலை ஏறுவாள். ஸ்டூடியோவில் நடிகை விட்ட மூச்சு அந்த ஏற்றத்துக்குப் பொருந்தவே இல்லை. அதனால் சுகந்தினி ஒலிப்பதிவுக் கருவியோடு றக்வானைப் பக்கம், தான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள்.

பக்கத்து வீட்டுப் புஷ்பம் அன்று ஆறாம் நம்பர் மலையில் கொழுந்துச் சாக்கைச் சுமந்து ஏறினாள். "காலடிச் சத்தம் மட்டும் எடுக்கிறேங்க்கா" என்று சொல்லிவிட்டு, சுகந்தினி மைக்கோடு பின்னால் நடந்தாள். பாதி ஏற்றத்தில் புஷ்பத்துக்கு மூச்சு இழுத்தது. நெஞ்சைப் பிடித்தபடி தேயிலைச் செடிமேல் சாய்ந்தாள்.

"சுகந்தி... புள்ள..."

ஹெட்போனில் அது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. சுகந்தினி உடனே ஓடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மைக்கை நீட்டியபடி நின்றாள். பிறகுதான் சாக்கை இறக்கி, தண்ணீர் கொடுத்து, டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள். பிரஷர் என்று மாத்திரை கொடுத்தார்கள்.

"நீ இல்லாட்டி அங்கேயே விழுந்திருப்பேன் புள்ள" என்றாள் புஷ்பம்.

கொழும்புக்குத் திரும்பியதும், தன் பெயர் வந்த இடத்தை வெட்டிவிட்டு மீதி மூச்சை நாயகிக்குப் போட்டாள். இயக்குநர் ஷிப்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பதான் இவளுக்கு உசிர் வந்திருக்கு. எவ்வளவு பலமான பொம்பள!"

அதன் பிறகு அந்தக் காட்சி ஓடும்போதெல்லாம், வெட்டிய இடத்தில் சுகந்தினிக்கு மட்டும் தன் பெயர் கேட்டது. மூன்றாம் வாரம் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

வெட்டாத பதிவைப் புஷ்பத்துக்குப் போட்டுக் காட்டினாள். பிறகு போனில் அந்தக் காட்சியையும் காட்டினாள்.

"எவ்வளவு நேரம் நின்ன?"

"நாப்பது செக்கன்க்கா."

"எனக்கு நீ ஓடி வந்த மாதிரிதான் தெரிஞ்சிச்சு." புஷ்பம் போனில் மலை ஏறும் நாயகியை விரலால் காட்டினாள். "இந்தப் புள்ள பயமில்லாம மலை ஏறுது. நான் பயந்து செத்துக்கிட்டு இருந்தேன். என் பயத்த எடுத்து அவளுக்குத் தைரியம்னு போட்டிருக்க. அழிச்சிரு."

சுகந்தினி அங்கிருந்தே ஷிப்னாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள்.

"அத எடுத்துட்டா அந்த சீன் செத்துடும் சுகந்தினி."

"தெரியும். எடுக்கத்தான் வேணும்."

மறுநாள் காலை சுகந்தினி மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு, ஈரக் கொழுந்துச் சாக்கைத் தானே சுமந்து அதே மலையில் ஏறினாள். இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்து அழுகை வந்தது. அதையும் வெட்டாமல் அனுப்பினாள். "முந்தினது மாதிரி இல்ல" என்றாள் ஷிப்னா. ஆனால் அதையே படத்தில் வைத்தாள்.

கொழும்புக்குக் கிளம்பும்போது புஷ்பம் பஸ் வரை வந்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

"அடுத்த மாசம் இரத்தினபுரியில கிளினிக். தனியா போகப் பயமா இருக்கு. வாறியா?"

"வாறேங்க்கா."

படத்தின் முதல் திரையிடலும் அந்தக் கிளினிக் நாளிலேயே வந்தது. சுகந்தினி போகவில்லை. கிளினிக்கின் மர வாங்கில் புஷ்பத்தின் பக்கத்தில், நம்பர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் பெயரைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தாள்.