அரை இடத்துக்கு ஓர் ஊதாக் கட்டம்

அச்சாகி வந்த முதல் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு பாலகுரு நின்ற தோரணையைப் பார்த்தால், யாரோ அவருடைய மெஷினைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். அய்யாதுரை ஆப்செட்டின் பெரிய மெஷின் அவர் கையில்தான் ஓடுகிறது. அவர் ஓட்டிய தாளில் ஒரு புள்ளி விட்டுப்போனதாக எந்த ஊர்க் கடைக்காரரும் குறை சொன்னதில்லை. இன்றைக்கோ தாளின் நட்டநடுவில் இரண்டு கட்டம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

“பாப்பா, இங்கன பாருங்க. ரெண்டு கட்டத்துல கலரே ஏறல. பிளேட்டுல என்னமோ கோளாறு.”

“கோளாறு இல்லண்ணே. நான்தான் விடச் சொன்னேன்” என்றாள் பிரீத்திகா.

பாலகுரு அவளை மேலும் கீழும் பார்த்தார். படித்த பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் என்று அந்தப் பார்வை சொன்னது.

2005 நவம்பர். தீபாவளி முடிந்து, பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்தன. சிவகாசியில் அந்த நேரத்தில் மூச்சுவிட முடியாமல் ஓடுகிறவர்கள் காலண்டர்காரர்கள் மட்டும்தான். பிரீத்திகா முதலாளி அய்யாதுரையின் ஒரே மகள். அழுது, சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, இந்த சீசனுக்குத்தான் கம்பெனியில் அப்பாவின் எதிரே ஒரு நாற்காலி வாங்கியிருந்தாள். ஆடிப்பெருக்கன்று, புது வருட மாதிரிகளைத் தொகுத்த காலண்டர் ஆல்பம் வெளியானதும் அதைத் தூக்கிக்கொண்டு மலப்புறம் வரை போனாள். அங்கே விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் அலவிக்குட்டியிடம் பேசிப் பேசி, அவளே பிடித்து வந்த ஆர்டர் இது.

அடுத்த வருடம் ஜெர்மனியில் உலகக் கோப்பை. கால்பந்து என்றால் மலப்புறத்துக்காரர்களுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆகவே சாமி படம் கிடையாது, குழந்தை படம் கிடையாது. காலண்டர் முழுக்க, ஜெர்மனிக்குப் போகும் முப்பத்திரண்டு நாடுகளுக்கு முப்பத்திரண்டு கட்டங்கள். கண்டத்துக்கு ஒரு நிறம். ஐரோப்பா நீலம், தென் அமெரிக்கா மஞ்சள், ஆப்பிரிக்கா பச்சை, ஆசியா சிவப்பு, வட அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் சேர்ந்து ஆரஞ்சு. யாருக்கு எத்தனை இடம் கிடைத்திருக்கிறது என்று எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகூட நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடும். பந்தியில் முதலில் உட்கார்ந்த பெரிய வீட்டு ஆட்கள் மாதிரி நீலம் கிட்டத்தட்டப் பாதித் தாளை அடைத்துக்கொண்டிருந்தது.

சிக்கல் என்னவென்றால், ஐந்து இடங்களுக்கு இன்னும் ஆள் முடிவாகவில்லை. அதில் மூன்றில் ஐரோப்பா நாடுகள் தங்களுக்குள்ளேயே மோதின. யார் ஜெயித்தாலும் நீலம்தான் என்பதால் அவற்றை நீலமாகவே ஓட்டிவிட்டு, பெயரை மட்டும் விட்டிருந்தாள். மற்ற இரண்டில்தான் கண்டமும் கண்டமும் மோதின. ஒன்றுக்கு ஆசியாவின் பஹ்ரைனும் கரீபியன் பக்கத்து டிரினிடாடும். இன்னொன்றுக்கு தென் அமெரிக்காவின் உருகுவேயும் ஓசியானியாவின் ஆஸ்திரேலியாவும். நவம்பர் பதினாறில் ஆட்டம் முடிகிற வரைக்கும் அந்த இரண்டு கட்டமும் என்ன நிறம் என்று ஆண்டவனுக்குக்கூடத் தெரியாது. அதனால்தான் வெள்ளை.

“கடைப்பேருக்கு இடம் விடுவோம்ல அண்ணே, அதே மாதிரிதான்” என்று அவள் சொன்ன பிறகுதான் பாலகுருவின் முகம் தெளிந்தது. சிவகாசியில் எந்தக் காலண்டரும் அப்படித்தான் பிறக்கிறது. படத்தை முதலில் ஓட்டி அடுக்கிவிட்டு, அடியில் விட்ட வெள்ளை இடத்தில், வாங்குகிற கடையின் பெயரைச் சின்ன டிரெடில் மெஷினில் கடைசியாக அடிப்பார்கள். கடைக்கு விடுகிற இடத்தை நாட்டுக்கு விட்டால் என்ன குறைந்துவிடும்? நான்கு நாட்டுக்கும் பிளாக் என்கிற அச்சுக்கட்டை தயார். கட்டம் நிறமாகவும் உள்ளே பெயர் வெள்ளையாகவும் விழுகிற மாதிரி செய்து வைத்திருந்தாள்.

இதெல்லாம் அய்யாதுரைக்குச் சரிப்படவில்லை. தாளின் ஓரத்தில் நிறக் குறிப்பு இருந்தது. அதில் ஓசியானியாவுக்கு ஊதா என்று போட்டிருந்தாள். மேலே எந்தக் கட்டத்திலும் ஊதா இல்லை.

“ஆளே இல்லாத கலரை எதுக்கும்மா போட்ருக்க?”

“அவுகளுக்கு அரை இடந்தான்பா குடுத்திருக்காக. அங்கன முதல்ல வர்றவுக, தென் அமெரிக்காவுல அஞ்சாவதா வந்தவுகளோட மோதி ஜெயிச்சாத்தான் முழு இடம்.”

“அரை இடமா? அரை டீமு வந்து ஒத்தக் கால்ல விளையாடுமாக்கும்?” அய்யாதுரை தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். அந்தக் கம்பெனியில் அவர் சிரித்தால் எல்லாரும் சிரிப்பார்கள், பாலகுரு உட்பட. பிரீத்திகாவுக்கு எரிச்சலாக வந்தது.

பன்னிரண்டாம் தேதி உருகுவேயில் நடந்த முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியா ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. இனி சிட்னியில் இரண்டாவது ஆட்டம். உருகுவே லேசுப்பட்ட ஆளில்லை, இரண்டு முறை உலகக் கோப்பையையே தூக்கிய நாடு. போன தடவையும் இதே இரண்டு பேர்தான் இதே இடத்துக்கு மோதினார்கள். ஆஸ்திரேலியா சொந்த ஊரில் ஒரு கோல் அடித்துவிட்டு, அங்கே போய் மூன்று வாங்கிக்கொண்டு திரும்பியது. முப்பது வருடத்துக்கு மேலாக உலகக் கோப்பை வாசலை மிதிக்காத நாடு அது.

இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தார் லட்சுமிகாந்தம். ஊரில் இன்னொரு பெரிய அச்சகம் அவருடையது. மலப்புறத்தில் அலவிக்குட்டியின் கடைக்கு எதிர்க்கடைக்காரருக்கு இதே மாதிரி கால்பந்து காலண்டர் அடித்துக்கொண்டிருந்தார். முதல் ஆட்டம் முடிந்ததோ இல்லையோ, ஐரோப்பாவின் மூன்றுக்கும் முதல் ஆட்டத்தில் ஜெயித்தவர்கள், மற்ற இரண்டுக்கும் உருகுவேயும், வெளியூரில் சமன் செய்துவிட்டு ஊர் திரும்பிய பஹ்ரைனும் என்று பெயரைப் போட்டு முழுசாக அடித்து லோடு ஏற்றிவிட்டார். பதினைந்தாம் தேதி காலையில் எதிர்க்கடை வாசலில் காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்த அலவிக்குட்டி உடனே போன் செய்தார். பல வருடமாகச் சிவகாசிக்கு வந்து போகிறவர் என்பதால் தமிழ் நன்றாகவே வரும்; ‘மகளே’ மட்டும் மலையாளத்து ‘மோளே’தான்.

“மோளே, அவன் மாட்டிட்டான்! ஊர்ல பாதிப் பேரு அவன் கடையில நிக்கறாங்க. நீ இன்னும் வெள்ளைக் கட்டத்தை வச்சுட்டு என்ன பண்றே?”

“நாளைக்கு ஆட்டம் முடியட்டும் பாய். உங்க காலண்டர் மட்டுந்தான் சரியா இருக்கும்.”

“எப்படி மோளே? ஆஸ்திரேலியா யாரை அடிச்சு வந்தான்? போன தடவை ஒரு குட்டித் தீவுக்காரன் மேல முப்பத்தொரு கோல் அடிச்சான். அது பலமா? தென் அமெரிக்காவுல ஒவ்வொருத்தனும் பிரேசிலையும் அர்ஜென்டினாவையும் தாண்டி வரணும். உருகுவேதான் வருவான். அப்போ ரெண்டு காலண்டரும் ஒண்ணுதான். லேட்டா வர்றதை எவன் வாங்குவான்? எனக்கு வேண்டாம், சொல்லிட்டேன்.”

அய்யாதுரை இந்தப் பேச்சைப் பக்கத்து போனில் கேட்டுக்கொண்டிருந்தார். ரிசீவரை வைத்ததும் ஆரம்பித்தார்.

“மஞ்சளை அடிச்சு இன்னைக்கே லோடை அனுப்பு.”

“முடியாதுப்பா. கொரியாவும் செனகலும் போன உலகக் கோப்பையில என்ன பண்ணுனாகன்னு பாத்தீகளா? ஐரோப்பாவுல எம்புட்டுப் பெரிய ஆளுகளையெல்லாம் அடிச்சாக. கண்டம் பெருசா இருந்தா டீமும் பெருசுன்னு எவன் எழுதி வச்சான்?”

“அப்ப ஆஸ்திரேலியா ஜெயிக்குங்கிறியா?”

“எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி அடிச்சு அனுப்ப மாட்டேன்.”

அய்யாதுரை மகளைப் பார்த்தார். ஒன்றைச் செய்தே தீர வேண்டுமென்றால் அவர் சத்தம் போட மாட்டார், குரலைத் தாழ்த்திவிடுவார். “சரிம்மா. உன் இஷ்டம். உருகுவே வந்துச்சுன்னா இம்புட்டுச் சரக்கும் நம்ம குடோன்லதான் கரையான் திங்கும். அடுத்த ஆடிக்கு உங்க அத்தை மகன் தருண்குமார் வந்து அந்த நாற்காலியில உக்காருவான். நீ வீட்ல இரு.”

அன்றிரவு பிரீத்திகாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் பத்திரகாளியம்மன் சன்னிதியில் நின்று, ஆஸ்திரேலியா ஜெயிக்க வேண்டும் என்று மனதாரக் கும்பிட்டாள். அந்தக் கோயிலில் அப்படி ஒரு வேண்டுதல் அதுவே முதலாக இருந்திருக்கும். அம்மனுக்குச் சிட்னி எந்தப் பக்கம் என்று தெரியுமோ தெரியாதோ, இவளுக்கு வேறு கதி இல்லை.

சிட்னியில் ராத்திரி ஆட்டம் என்றால் நமக்கு மதியம் இரண்டரை. சிவகாசிக் கேபிளில் அந்த ஆட்டம் வரவில்லை. அலவிக்குட்டியின் கடையில் பெரிய டிஷ் இருந்தது; ஆஸ்திரேலியா ஜெயித்தால் சரக்கை எடுத்துக்கொள்வதாக அவரும் இறங்கி வந்திருந்தார். ஆகவே அவர் டிவியைப் பார்த்துச் சொல்ல, இங்கே மேசை போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பது என்று ஏற்பாடு. பாலகுரு மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். அவரைப் பார்த்து பைண்டிங் பெண்களும் கை வேலையோடு வந்துவிட்டார்கள். அய்யாதுரை மட்டும் ஓரமாக நின்று, ஏதோ புதுத் தாளின் கனத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக அதே தாளைத்தான் தடவினார்.

“தென் அமெரிக்கான்னா எனக்கு உசிரு” என்று அலவிக்குட்டி போனில் புலம்பினார். “இன்னிக்கு மட்டும் அவன் தோக்கணும்னு வேண்ட வச்சுட்டியே மோளே!”

முதல் பாதி முடிவதற்குள் ஆஸ்திரேலியா ஒரு கோல் போட்டது. போனில் எழுந்த கூச்சலுக்கு பைண்டிங் பெண்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் ஒன்றுக்கு ஒன்று. அதற்குப் பிறகு கோலே இல்லை. ஆட்டம் முடிந்து, கூடுதல் நேரமும் ஓடி முடிந்து, கடைசியில் பெனால்டி என்றார் அலவிக்குட்டி.

“அப்படின்னா?” என்று பாலகுரு கேட்டார்.

“ஆளுக்கு அஞ்சு அடிண்ணே. கோல்கீப்பர் மட்டுந்தான் எதுக்க நிப்பாரு.”

“அந்த அரை இடத்துக்காகவா இம்புட்டுப் பாடு?” என்றார் அய்யாதுரை. ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் தாளைக் கீழே வைத்துவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

ஆஸ்திரேலியா முதலில் அடித்தது, கோல். உருகுவேயின் முதல் அடியைக் கோல்கீப்பர் பாய்ந்து தடுத்தார். பிரீத்திகா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அடுத்தது இரண்டு பேரும் கோல். அதற்கடுத்ததும் இரண்டு பேரும் கோல். நாலாவது ஆஸ்திரேலியாக்காரர் பந்தை வெளியே அடித்துவிட்டார். அவள் கண் முன்னால் தருண்குமார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். “உருகுவே வர்றான்... அடிக்கறான்...” அலவிக்குட்டியின் குரல் உடைந்தது. “தடுத்துட்டான்! மோளே, இன்னொண்ணையும் தடுத்துட்டான்! இனி ஒரே ஒரு அடி. இது உள்ள போச்சுன்னா...”

அந்த இடத்தில் போன் கட் ஆனது.

பாலகுரு தொலைபேசி இலாகாவைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினார். அய்யாதுரை தானே நம்பரை வேகவேகமாக அமுக்கினார். எங்கேஜ். மறுபடியும் அமுக்கினார். எங்கேஜ். பிரீத்திகா அழுவதற்குத் தயாராகிவிட்டாள். கீழே வைத்த போன் தானாக அடித்தது. எடுத்தால் பேச்சே இல்லை, ஒரே இரைச்சல். பாத்திரக்கடையில் யானை புகுந்த சத்தம். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அலவிக்குட்டி தொண்டை கிழியக் கத்தினார்.

“ஊதா! மோளே, ஊதா அடி! ஊதா அடி!”

கம்பெனியே கூச்சலில் அதிர்ந்தது. பிரீத்திகா குதித்தாளா, அழுதாளா, பைண்டிங் பெண்களில் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. மெஷின்கூடத்துப் பையன்கள் தீபாவளிக்கு மிஞ்சிய சரவெடியைத் தெருவில் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் யார் வீட்டுக் கல்யாணம் என்று வந்து எட்டிப் பார்த்தார்கள். அய்யாதுரை நேராக மை அறைக்குப் போய், சீசன் முழுக்க மூடி திறக்காமல் கிடந்த ஊதா மை டப்பாவைத் தன் கையாலேயே எடுத்து வந்து பாலகுருவிடம் கொடுத்தார். டிரெடிலில் முதல் தாள் விழுந்ததும் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே, ஒற்றை ஊதாக் கட்டம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. முப்பத்திரண்டில் அது ஒன்றுதான். பாலகுருவுக்கு அதன் மேலிருந்து கண்ணை எடுக்க மனமில்லை.

விடிந்தபோது இன்னொரு செய்தி வந்தது. பஹ்ரைனை அதன் சொந்த மண்ணிலேயே டிரினிடாட் வென்றிருந்தது. அந்தக் கட்டத்தில் ஆரஞ்சு ஏறியது. மூன்று நீலக் கட்டத்திலும் பெயர் ஏறியது. மதியத்துக்குள் லோடு கிளம்பிவிட்டது. மறுநாள் அலவிக்குட்டி போன் செய்து, வந்த சரக்கு போதாது, இன்னொரு மடங்கு வேண்டும், எதிர்க்கடைக்காரன் தொங்கவிட்டதை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறான் என்றார். சொல்லும்போதே சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு.

அன்று சாயங்காலம் லட்சுமிகாந்தம் அழைத்தார். எப்போதும் அதிகாரமாகப் பேசுகிற மனிதர், அன்று இறங்கிப் பேசினார்.

“அண்ணாச்சி, நம்ம சரக்கு பூராவும் திரும்பி வருது. அந்த ரெண்டு கட்டத்து மேல ஒட்டுத்தாள் ஒட்டி அனுப்பலாம்னு பாக்கேன். உங்க ஊதா பிளாக்கும் ஆரஞ்சு பிளாக்கும் ரெண்டு நாளைக்குக் குடுத்தீகன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அய்யாதுரை எதிரே பார்த்தார். எதிர் நாற்காலியில் பிரீத்திகா அடுத்த லோடுக்கான தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதையெல்லாம் என்கிட்டக் கேட்டா எப்படி அண்ணாச்சி?” என்றார் அய்யாதுரை. குரலில் அப்படியொரு பெருமிதம். “எங்க மொதலாளி இந்தா இருக்காக. அவுககிட்டக் கேளுங்க.”

ரிசீவரை மகளின் பக்கம் நீட்டினார். பிரீத்திகா அதை வாங்கினாள். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள்.