பின்பக்கம் பார்க்கும் வகுப்பு

கல்லூரி இணையதளத்துக்கு என்னைப் பற்றிச் சில வரிகள் கேட்டார்கள். எழுதித் தந்தேன். கலை வரலாற்றில் முனைவர் பட்டம், அருங்காட்சியகத்தில் செய்த ஆய்வு எல்லாம் இருந்தன. ஆனால் அவற்றுக்கெல்லாம் மேலே, முதல் வரியாக, 'பழைய ஓவியங்களை வாங்கி விற்கும் அப்பாவின் கடையில் வளர்ந்தேன். படம் பார்க்கக் கற்றது அங்கேதான்' என்று போட்டிருந்தேன். கற்பிக்கும் பாடம் என்ற இடத்தில், 'ஓவியங்களின் பின்பக்கம்'.

துறைத்தலைவர் அந்தத் தாளை ஈரத்துணி போல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மேடம், பட்டத்தைப் பெருசா போடுங்க. கடைய எடுத்துடுங்க."

"பட்டம் இங்க எல்லார்கிட்டயும் இருக்கு சார். கடை என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

"நாளைக்கு நிர்வாகக் குழுத் தலைவி உங்க வகுப்புக்கு வர்றாங்க. அந்தப் பாடம் இருக்கணுமா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. கொஞ்சம் வளைஞ்சு குடுங்களேன்."

வளைந்து கொடுக்கத் தெரியாதவள் அல்ல நான். பேரம் பேசும் சத்தத்தில் தூங்கி எழுந்தவள். ஆனால் துணி விற்பவன் விலையைக் குறைக்கலாம், முழத்தைக் குறைக்கலாமா?

என் வகுப்பில் படங்கள் சுவரைப் பார்த்துத் தொங்கும். மாணவர்களுக்கு முதுகுதான். ஆணியின் துரு, துணி மடிந்த ஓரம், ஒட்டிக் கிழித்த சீட்டு இவற்றை வைத்தே படம் எத்தனை கை மாறியது, எந்தச் சுவரில் ஈரம் குடித்தது என்று சொல்ல வேண்டும். முகம் கடைசியில். கடைக்கு விற்க வருகிறவர் படத்தைப் புகழ ஆரம்பித்தால் அப்பா பேசாமல் அதைத் திருப்புவார். முகத்துக்குப் பவுடர் பூசியவர் முதுகைத் துடைக்க மறந்திருப்பார்.

மறுநாள் அறைக்குள் நுழைந்தால் எல்லாப் படங்களும் என்னைப் பார்த்துப் பல்லிளித்தன. துறைத்தலைவர் ஆள் வைத்துத் திருப்பி மாட்டியிருந்தார்.

"வர்றவங்க தப்பா நினைப்பாங்கல்ல மேடம், அதான்."

பதில் சொல்வதற்குள் தலைவி வந்துவிட்டார். சிவப்பும் கறுப்புமாக இருந்த பெரிய படத்தின் முன் நின்றார்.

"இது என்ன?"

"சூரிய உதயம்ங்க. நவீன பாணி," என்றார் துறைத்தலைவர்.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், அது தலைகீழா இருக்கு."

"நவீன ஓவியத்துல மேல கீழ எல்லாம் கிடையாதும்மா."

"வரைஞ்சவருக்கு இருந்திருக்கு சார். பின்னால அம்பு போட்டு 'மேல்'னு எழுதியிருக்கார். சட்டத்தோட உடைஞ்ச மூலை கீழதான் இருக்கணும். இப்ப மேல இருக்கு."

தலைவி படத்தைச் சுவரிலிருந்து சற்று விலக்கி எட்டிப் பார்த்தார். அம்பு தரையைக் காட்டியது.

"அப்ப அஸ்தமனம்டா," என்று ஒருவன் முணுமுணுக்க, வகுப்பே வெடித்தது. தலைவியும் சிரித்துவிட்டார்.

"பாடம் நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும்," என்றவர், என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "அந்தக் கடை வரி மட்டும் வேண்டாம். நமக்குன்னு ஒரு தரம் இருக்கு பாருங்க."

"இப்ப நீங்க ரசிச்சது அந்தக் கடைச் சரக்குதான் மேடம். சரக்கு வேணும், கடை வேண்டாம்னா எப்படி?"

"பிடிவாதம் பிடிச்சா பாடமும் போயிடும்."

"போகட்டும்."

"அந்த வரிய நாங்களே எடுத்துட்டா?"

"என் பேரையும் சேர்த்து எடுத்துடுங்க. கடை இல்லாம அந்தப் பக்கத்துல நான் இருக்க மாட்டேன்."

தலைவியின் முகத்தில் சிரிப்பு அணைந்தது.

"சரி. அடுத்த வருஷம் இந்தப் பாடம் கிடையாது."

"அடுத்த வருஷம்தானே? இன்னிக்கு இது என் வகுப்பு. பார்க்கிறதா இருந்தா உக்காருங்க. இல்லைன்னா கதவைச் சாத்திட்டுப் போங்க."

போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். முன் வரிசையில் ஒருத்தி பையை நகர்த்தி இடம் விட்டாள். தலைவி அங்கே போய் உட்கார்ந்தார்.

"நீங்க அந்த ஓரத்தைப் பிடிங்க சார்," என்றேன் துறைத்தலைவரிடம். இருவருமாகச் சூரியனைக் கழற்றினோம்.