நிமிர்ந்த பிறகு போட்ட கோடு

மார்பைச் சிறிதாக்கும் அறுவையில் கத்தியைவிடப் பேனாதான் ஆபத்தானது. காம்பு எங்கே அமையவேண்டும் என்று முன்கூட்டியே, ஆளை நிற்கவைத்துக் குறிக்கவேண்டும். தாழ்வாகக் குறித்துவிட்டால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். உயரே போய்விட்டால் இறக்குவது ஏறக்குறைய முடியாத காரியம்.

கம்பாலாவில் எங்கள் வார்டுக்கு வந்த நலுபெகாவுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. சந்தையில் கோமேசி விற்பவர். அந்த உடையின் கழுத்து சதுரமாக, அகலமாக இருக்கும்.

"நர்சம்மா, நானே உடுத்திக் காட்டித்தான் விக்கிறேன். முதுகுவலி போனாப் போதும். டாக்டர் மேல ஏத்தி வெச்சுட்டாருன்னா கழுத்து வழியா எட்டிப்பாக்கும், கடைய மூடவேண்டியதுதான்."

டாக்டர் செகிட்டோலேக்கோ உள்ளே வந்தார். நலுபெகா முழந்தாளிட்டு வணங்கினார். புகாண்டாவில் வளர்ந்த பெண் வேறென்ன செய்வாள்?

"எழுந்திரிங்கம்மா. நின்னாத்தான் குறிக்கமுடியும்."

எழுந்தார். தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி நின்றார். டாக்டருக்கு அது நல்ல வளர்ப்பாகத் தெரிந்தது. எங்கள் தோலில் ஊதா மை எடுபடாது. வெள்ளைப் பேனாவால் குறித்து முடித்தார்.

அப்போது நலுபெகாவின் போன் அடித்தது. கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி.

"அக்கா, சாவி எங்க?"

"இன்னும் கடையத் தொறக்கலியா? நேத்து உன் கழுத்துலதானடா மாட்டிவிட்டேன்! ஆடுகூடக் கழுத்து மணியத் தொலைக்காதுடா!"

நலுபெகாவின் முதுகு நிமிர்ந்தது. தோள்கள் பின்னால் போயின. வெள்ளைக் குறிகள் இரண்டும் இரண்டு விரற்கடை மேலே ஏறி நின்றன.

டாக்டர் டேப்பை வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் ஸ்பிரிட் பஞ்சு வாங்கிக் குறிகளை அழித்தார்.

"போனை வெச்சுடாதீங்கம்மா. திட்டுங்க."

"முடிஞ்சுது டாக்டரய்யா. சாவி கழுத்துலதான் கெடக்காம்."

"பழசு ஏதாவது இருக்குமே."

இருந்தது. தம்பியின் கல்யாணத்திலிருந்து தொடங்கினார். மாமியார் வீட்டுக்கு அவன் வெறுங்கையோடு போன கதைக்கு வருவதற்குள் டாக்டர் புதிதாகக் குறித்து முடித்துவிட்டார்.

இப்போது எங்கள் வார்டில் யாரையாவது திட்டவைத்துக் குறிப்பதுதான் முறை. தனக்கு யார் மேலும் கோபமில்லை என்று ஒருத்தி சொன்னாள். டாக்டர் காரணம் சொல்லாமல் அவளை ஒரு மணி நேரம் காக்கவைத்துவிட்டு வந்தார். நேராக நின்றாள்.

ஆறு மாதம் கழித்து நலுபெகா புதுக் கோமேசியில் வந்தார். எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. காலையிலிருந்து அதை உடுத்திக் காட்டியே நாலு விற்றுவிட்டதாகச் சொன்னார். டாக்டரைக் கண்டதும் முழந்தாளிட்டார்.

"தம்பி எப்படி இருக்காரு?" என்றார் டாக்டர்.

முழந்தாளிட்டபடியே முதுகு நிமிர்ந்தது.