துணியில் இல்லாத ஆள்

எமர்ஜென்சி வருஷம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கேம்ப்புக்கு ஆள் பிடிக்கும் வேன், தலைநகரத்தில் நாங்கள் வேலை பார்த்த புசா ரோட்டுக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சமயம் பார்த்து அம்சவேணி என்கிற நம்மூர்ப் பொம்பளை, நாங்கள் வேலை செய்த கட்டடத்துக்கு எதிரே பிளாட்பாரத்தில் தையல் மெஷின் போட்டாள்.

பாவாடை, தலையணை உறை தைப்பாள். கிராக்கி வராத நேரத்தில், மெஷினில் துணியை அமுக்கிப் பிடிக்கும் காலைக் கழற்றிவிடுவாள். பழைய படுக்கை விரிப்பை வளையத்தில் இறுக்கி, கையால் இப்படியும் அப்படியும் நகர்த்துவாள். பென்சில் கோடு எதுவும் கிடையாது. கண் எங்கள் மேலேயே இருக்கும்.

சாரத்தில் நின்று செங்கல்லைக் கைக்குக் கை மாற்றும் எங்கள் வரிசை முழுக்க அதில் நூல் படமாக வந்துவிட்டது. என் கோணல் மூக்குகூட.

“யாரு சொல்லி நம்ம மூஞ்சிய எடுக்கறா? வேன்காரனுக்குக் காட்டத்தான்,” என்றான், எனக்குக் கீழே நின்று செங்கல் நீட்டும் பெரியண்ணன். எல்லோரும் துண்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டோம்.

மத்தியானம் நான் மட்டும் அவளிடம் போனேன்.

“ஏம்மா, என்னைப் பிரிச்சிரு.”

“கை சும்மா இருக்கலண்ணா, தைச்சேன். அதுக்கு ஏன் பிரிக்கணும்?”

“எனக்கு இன்னும் ஒரு புள்ளகூடப் பொறக்கல. பிரிம்மா.”

பிளேடால் நூலை அறுத்து உருவினாள். ஊசித் துளைகளையும் எச்சில் தொட்டு நகத்தால் தேய்த்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வேன் வந்தது. எங்கள் வரிசையில் நல்லசிவத்தை அள்ளிக்கொண்டு போனது. பெரியண்ணன் நேராக மெஷினிடம் போய் விரிப்பைப் பிடுங்கி உதறினான். எல்லோரும் இருந்தார்கள். துணியில் அவன் நீட்டிய செங்கல்லை வாங்கத்தான் ஆளில்லை.

“அய்யாசாமி எங்க?” என்று என் பேரைச் சொல்லி அவளைக் கேட்டான்.

“அவருதான் பிரிக்கச் சொன்னாரு,” என்றாள் அம்சவேணி.

பெரியண்ணன் என் பக்கம் திரும்பினான். “வேன் வரும்னு உனக்கு முன்னாடியே தெரியுமாடா?”

“சத்தியமா தெரியாது. பயந்துட்டேன்.”

“எங்களுக்குப் பயம் இல்லியா? அப்படியே எங்களையும் பிரிக்கச் சொல்ல உனக்கு வாய் வரல? நல்லசிவத்துக்குக் கல்யாணமே ஆகலடா!”

அவளிடம் குனிந்து, “மறுபடி தைச்சிரும்மா,” என்றேன்.

“சும்மா நிக்கறவங்களை எனக்குத் தைக்க வராது. வரிசையில போய் நில்லுங்கண்ணா. பாத்துத் தைக்கறேன்.”

சாரத்தில் ஏறி என் இடத்தில் நின்று கையை நீட்டினேன். பெரியண்ணன் செங்கல்லை என்னைத் தாண்டி, மேலே நின்றவனுக்கு வீசினான். அவனும் பிடித்துக்கொண்டான்.