சுபேதாரைப் பற்றிச் சொன்னவை

பட்டாள பங்களாவில் இருந்த சுபேதார் சவரிமுத்துவின் ஆவி, தன்னைப் பற்றி யார் என்ன கதை சொன்னாலும் அப்படியே ஆகிவிடும். உலகப்போரில் பட்டாளத்தார் தங்கியிருந்த அந்தக் கோத்தகிரி வீடு இப்போது மியூசியம். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது அமலோற்பவமும் தங்கராசுவும். அமலோற்பவத்துக்கு நாற்பதை நெருங்கும் வயது. கல்யாணம் ஆகவில்லை, கதை கட்டவும் வராது. தங்கராசு வாயைத் திறந்தாலே கதைதான். அவன் புண்ணியத்தில் சுபேதார் குதிரை ஏறியிருக்கிறார், சலங்கை கட்டியிருக்கிறார்.

"நேத்து எனக்குத் தலையே இல்லைன்னு சொல்லிட்டான்மா," என்றார் சுபேதார் ஒருநாள் காலையில். "நாள் பூரா வெத்தலை போட முடியல."

"கண்டிச்சு வைக்கிறேங்க," என்றாள் அமலோற்பவம்.

தங்கராசு பல்வலி என்று வராத ஒருநாள், ஓர் அறிவியல் ஆசிரியர் மாணவர்களோடு வந்தார். "பேயாவது பிசாசாவது. இங்க ஒண்ணும் கிடையாது," என்று அடித்துச் சொன்னார்.

மாடிப்படியில் நின்ற சுபேதாரின் பூட்ஸ் மறைந்தது. அடுத்து முழங்கால். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. போகிறபோது ஒழுங்காகப் போகவேண்டும் என்பதுபோல் காலர் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

அமலோற்பவம் ஆசிரியர் முன்னால் போய் நின்றாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். குதிரையும் வரவில்லை, சலங்கையும் வரவில்லை.

"சார், படியில நிக்கிறாரே, அவரு என்னைப் பொண்ணு பாக்க வர்றவருங்க," என்றாள்.

"எப்ப?"

"இன்னிக்குச் சாயங்காலம்."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்ற ஆசிரியர் மாடிப்படியைப் பார்த்துக் கும்பிட்டார். பூட்ஸ் திரும்பி வந்தது, பாலிஷோடு.

"கிளம்பலாமா, அமலோற்பவம்?" என்றார் சுபேதார். அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவளுக்குக் காது சூடாயிற்று.

இருவரும் பஸ்ஸில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அண்ணி காபி கொடுத்தாள். அண்ணன் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன உத்தியோகம்?"

"பட்டாளம்."

"சொந்த வீடு உண்டுங்களா?"

"உண்டு. கூடவே வந்துச்சு. கூச்சப்பட்டு வெளியே நிக்குது."

அண்ணன் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தெருவோரம் பங்களா நின்றுகொண்டிருந்தது.

"பனி விழுதுல்ல, உள்ள வரச் சொல்லுங்க," என்றார்.

பங்களா குனிந்து, நிலை இடிக்காமல் உள்ளே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தது. அதற்குச் சர்க்கரை வேண்டாமாம்.