சாவி வழியாகப் போகும் வயர்

மிஷின் பேட்டரி சார்ஜரைக் கையில் பிடித்துக்கொண்டு எலியின் கடை வாசலில் மாமா நின்ற விதமே அவனுக்குப் பிடிக்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாக அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவனுடைய டீயையே எடுத்துக் குடித்துவிட்டு, சீனி கம்மி என்று குறையும் சொல்லும் மனிதர். இன்றைக்கு முன்பின் தெரியாத வாடிக்கையாளர் மாதிரி வெளியிலேயே நின்றார். வாசலில் அவருடைய சின்ன லாரி, பின்னால் பலகைகளோடு.

"மாப்ள, இத லாரி கேபின்ல நிரந்தரமா மாட்டிக் குடுத்துடு. வயர நேரா வண்டி பேட்டரியில இருந்து எடு. சாவி போட்டாலும் போடாட்டியும் ஓடணும்."

லாரிகளுக்கு வயர் வேலை பார்ப்பவன் எலி. டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்துவிட்டால் கால் மட்டும்தான் வெளியே தெரியும். அதனால் பெற்றவர்கள் வைத்த பெயரைத் தெருவே மறந்துவிட்டது. மாமா தச்சு வேலை. வீடு வீடாகப் போய்ச் சமையலறை அலமாரி மாட்டுபவர். துளை போடும் மிஷினுக்கும் அறுக்கும் மிஷினுக்கும் உரிய பேட்டரிகளைத் தினமும் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்புக்குப் பக்கத்துப் பிளக்கில் போட்டுவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். எத்தனையோ வருஷமாக அதுதான் வழக்கம்.

"வீட்டுலதான மாமா போடுவீங்க?"

"தூரத்துல வேலை ஒத்துக்கிட்டேன். தினம் போய்வர முடியாது."

"எவ்ளோ தூரம்?"

"தூரம்தான்."

அதற்கு மேல் கேட்டால் மாமா வாயைத் திறக்க மாட்டார் என்று தெரிந்து எலி வேலையில் இறங்கினான். சார்ஜர் லாரி பேட்டரியிலேயே ஓடுகிற ரகம், நல்ல சாமான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, சிவப்பு வயரைக் கேபினுக்குள் இழுத்தான். தகரம் வயரை அறுத்துவிடாமல் இருக்க, அது நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் போட்டான். சார்ஜரை எங்கே திருகுவது என்று பார்க்க சீட்டை முன்னால் மடக்கியபோது கை அப்படியே நின்றுவிட்டது. சீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு புதுத் தலையணை. பக்கத்தில் சோப்பு டப்பா, துண்டு, பல் தேய்க்கும் பிரஷ். தூரத்து வேலைக்குப் போகிறவன் வீட்டுத் தலையணையைத்தானே எடுத்துக்கொண்டு போவான்?

"அக்கா கை எப்படி இருக்கு மாமா?" என்று குனிந்தபடியே கேட்டான்.

"கட்டுப் பிரிச்சாச்சுன்னு நினைக்கிறேன்."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு நினைக்கிறாராம்.

கதை அவனுக்குத் தெரியும். எங்கே அலமாரி மாட்டினாலும் அதற்கு முன்னால் அந்தந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, சுவரோரமாக நிற்க வைத்து, "கைய தூக்குங்கம்மா" என்பார் மாமா. விரல் எட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அதற்கு மேல் ஒரு தட்டுகூட வைக்க மாட்டார். அவருக்குப் பேரும் புகழும் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கோடுதான். சொந்த வீட்டில் மட்டும் கோடு போடவில்லை. கூடவே இருப்பவளை அளக்க வேண்டுமா, எனக்குத் தெரியாத உயரமா என்று கண் அளவில் மாட்டிவிட்டார். அக்கா குள்ளம். ஸ்டூல் மேல் ஏறி ஏறித்தான் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தாள். போன மாதம் ஸ்டூல் சாய்ந்து மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில், வலியில், நாலு பேர் முன்னால் அவள் கேட்டுவிட்டாள்: "ஊர்ல இருக்கிற பொம்பளைங்களை எல்லாம் அளந்தீங்களே, என்னை ஒரு தடவையாவது அளந்தீங்களா?"

அதோடு மாமாவின் பேச்சு நின்றது. அவருக்குக் கோபமில்லை என்று அக்காவே சொன்னாள். அவர் கோபமாக இருந்திருந்தால் இவள் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாளாம். "என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குறாருடா. சாயங்காலம் வந்து பேட்டரிய பிளக்குல போடுறாரு, போட்டத சாப்பிடுறாரு, காலையில பேட்டரிய எடுத்துட்டுப் போயிடுறாரு. அந்தப் பேட்டரிக்காகவாவது வீட்டுக்கு வர்றாரே, அது போதும்."

போன வாரம் போனில் அவள் சொன்னபோது எலி சிரித்துவிட்டான். இப்போது அந்தப் பேட்டரிக்கும் வீடு தேவையில்லாதபடி செய்ய அவனே வயர் இழுத்துக்கொண்டிருந்தான். கூடப் பிறந்தவளுக்குச் செய்யும் உதவியைப் பார் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

வயர் முனை கையில் இருந்தது. நேராக இணைத்துவிட்டால் வண்டி எங்கே நின்றாலும் சார்ஜர் இரவெல்லாம் ஓடும். சாவி வழியாகக் கொடுத்தால் எஞ்சின் ஓடும் வரைக்கும்தான், அதில் மிஷின் பேட்டரி பாதிகூட ஏறாது. கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கிடந்தான். பிறகு சாவி வழியாகக் கொடுத்து டேப் சுற்றினான்.

மாமா சாவியைத் திருப்பினார், சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. சாவியை எடுத்தார், அணைந்தது.

"என்ன மாப்ள, அணையுது?"

"நேரா குடுத்தா வண்டி பேட்டரி எறங்கிடும். காலையில தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்."

"நடுவுல ஒரு சுவிட்ச் வெச்சுக் குடு. தேவைப்பட்டா போட்டுக்கிறேன்."

"சுவிட்ச் ஸ்டாக் இல்ல."

அவன் தலைக்கு மேலேயே சுவிட்சுகள் சரம் சரமாகத் தொங்கின. மாமா அண்ணாந்து பார்த்தார். பலகைகளுக்கு நடுவிலிருந்து தீர்ந்துபோன பேட்டரிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"அப்ப இதெல்லாம் இங்கயே போட்டு வை. காலையில வந்து எடுத்துக்கிறேன்."

"பிளக்கும் இல்ல மாமா."

பொய் சொல்லக்கூட ஒரு லட்சணம் வேண்டும். சுவர் முழுக்கப் பிளக்கு. அதில் ஒன்றில் அவனுடைய ஃபேனே ஓடிக்கொண்டிருந்தது. மாமா முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, பாதியிலேயே நின்றது.

"அலமாரிய எறக்கி மாட்டுறது அரை நாள் வேலைடா," என்றார் மெதுவாக. "ஆனா அவளக் கூப்பிட்டு நிக்க வெச்சு, கைய தூக்குன்னு சொல்லணும். ஒடஞ்ச கைய. எந்த வாயால சொல்லுவேன்?"

எலிக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, பேட்டரிகளை ஒரு துணிப்பையில் போட்டு அவர் கையில் திணித்தான்.

"எனக்குத் தெரியாது மாமா. என்கிட்ட பிளக் இல்ல. அவ்ளோதான்."

மாமா பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் வீடு, வலது பக்கம் நெடுஞ்சாலை. எலி கையில் கட்டிங் பிளேயரோடு வாசலுக்கு வந்து நின்றான். லாரி முனைவரைக்கும் போய் நின்றது. பின்னால் வந்த தண்ணீர் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார், தலையை வெளியே நீட்டிக் கத்தவும் செய்தார். லாரியின் பின்பக்கத்தில் பிரேக் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தன.