பிரிவு எண் இல்லாத கடிதம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அண்ணியுடையது. நேற்றுச் சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னதைச் சுட்டுவிட்டேன். அண்ணிக்குத் தொலைத்தொடர்புத் துறையில் வேலை. பழைய டவர் சிக்னலை நிறுத்திவிட்டு, அந்த அலைவரிசையைப் புதிய தொழில்நுட்பத்துக்குக் கொடுக்க அரசு ஒரு வரைவுக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. மக்கள் கருத்துச் சொல்லலாம். வரும் கடிதங்களைத் தரம் பிரிப்பவர் அண்ணி.

2

"எதிர்காலம் என்பது ஓர் அலை. அதன் நுனியில் மனிதகுலம்..."

(அடித்துவிட்டேன். மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது.)

மறுபடி. அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். வரைவின் எந்தப் பிரிவைப் பற்றிய கருத்து என்று எண் போட்டிருந்தால் கடிதம் நீல ஃபைலுக்குப் போகும், மேலதிகாரிகள் படிப்பார்கள். எண் இல்லாவிட்டால் 'பொருத்தமற்றது' என்று முத்திரை விழும், அப்புறம் அதை நாய்கூடச் சீண்டாது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துவார்.

(இந்த வரியைப் பார்த்துவிட்டு அண்ணி சொன்னது: "கண்ணைத் திறந்துட்டுதான் தம்பி குத்துனேன். அதான் உறுத்துது.")

3

அப்படி எண் இல்லாமல் வந்த ஒரு கடிதம். எழுதியவள் ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்கிறாள். கணவருக்கு வலிப்பு நோய். பகலில் வீட்டில் தனியாக இருக்கிறார். மணிக்கட்டில் ஒரு பட்டன். உடம்பு ஒரு மாதிரி வரும்போது அமுக்கினால் இவள் போன் அடிக்கும். அதற்குள் இருப்பது பழைய சிக்னலில் மட்டும் வேலை செய்யும் சிம்.

"சிக்னலை நிறுத்திட்டா அவர் அமுக்குவாருங்க, எனக்குத் தெரியாது. புது பட்டன் இன்னும் எங்கேயும் விக்கல."

இப்படிப்பட்டவர்கள் விலக்குக் கேட்பதற்கென்றே வரைவில் ஏழாம் பிரிவு இருக்கிறது. அவளுக்கு அதை யார் சொன்னார்கள்?

முத்திரை குத்திவிட்டு டீ குடிக்கப் போன அண்ணிக்குக் கடிதம் நினைவுக்கு வந்து, கை நடுங்கி...

("நடுங்கல்லாம் இல்ல. டீயைக் குடிக்காம வச்சிட்டேன், அவ்வளவுதான்.")

4

அண்ணியே ஏழு என்று எழுதி நீல ஃபைலில் வைக்கிறார். இது முதல் முடிவு. பிடிபட்டால் வேலை போய்விடும்.

அல்லது, அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டு, எண் போட்டு மறுபடி அனுப்பச் சொல்கிறார். கருத்து எழுதியவர்களிடம் ஊழியர்கள் பேசவே கூடாது, தெரிந்தால் விசாரணை.

அல்லது ஒன்றும் செய்வதில்லை. என்னைக் கேட்டால் நான் இதைத்தான் செய்திருப்பேன். அண்ணியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

"நிஜத்துல என்ன பண்ணீங்க அண்ணி?"

"இன்னும் ஒண்ணும் பண்ணல தம்பி. இன்னைக்கு அஞ்சு மணிக்குத்தான் ஃபைலை மூடுறோம். நீங்க எழுதுறதைப் படிச்சிட்டுப் போகலாம்னு பார்க்குறேன்."

5

எனக்குப் பயமாக இருக்கிறது. காகிதத்தில் வீரம் காட்ட எனக்கென்ன, போகப்போவது அண்ணியின் வேலை. விழப்போவது யாரோ ஒருத்தியின் புருஷன். இதுவரை நான் எழுதிய எந்த முடிவாலும் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "சீக்கிரம் தம்பி, பஸ் வந்துரும்."

மூன்றையும் படித்துவிட்டீர்கள். என்ன சொல்லி அனுப்பட்டும்?